கணினி கேள்வி–பதில்: நானோ விநாடியை நம்பி அளப்பது எப்படி?

ஒரு நிரல் துண்டு ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று துல்லியமாக அளப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பிசி, மைக்ரோகன்ட்ரோலர் இரண்டும் கலந்தே வரும்.

கேள்வி: 32-பிட் லினக்ஸில் வருடக்கணக்கில் ஓடிய ஒரு சி நிரலை 64-பிட்டுக்கு மாற்றினேன். ப்ராசசருக்குள் ஓடும் டிஎஸ்சி என்ற கவுன்டரைப் படிக்கும் ஆர்டிடிஎஸ்சி கட்டளையை அசெம்பிளியில் நேரடியாக எழுதி அளக்கிறது. இப்போது ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை போல, வித்தியாசம் மலைக்க வைக்கும் எண்ணாக வருகிறது. அது 64-பிட் கவுன்டர்தானே? – கோயம்புத்தூர் வாசகர்

கவுன்டர் 64-பிட்தான். 1993-இல் வந்த பென்டியத்திலிருந்தே அப்படித்தான். 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது நிரம்பி வழிய 190 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் அதன் கீழ் 32 பிட் மட்டும் 1.43 விநாடியில் நிரம்பி மறுபடி 0-க்குச் சுற்றிவிடும். நீங்கள் சொல்லும் ‘ஒன்றரை விநாடி’யே, மேல் பாதி உங்கள் கைக்கு வரவில்லை என்று காட்டிக்கொடுக்கிறது.

இன்லைன் அசெம்பிளி (சி நிரலுக்குள்ளேயே எழுதும் அசெம்பிளி) வரியில் விடையை வாங்க “=ஏ” என்று பெரிய எழுத்து ஏ போட்டிருப்பீர்கள். 32-பிட்டில் அதற்கு ‘ஈடிஎக்ஸ், ஈஏஎக்ஸ் இரண்டும் சேர்ந்த ஜோடி’ என்று பொருள் (இவை ப்ராசசருக்குள் எண்களை வைக்கும் ரெஜிஸ்டர்கள்). 64-பிட்டில் அதே எழுத்துக்கு ‘ஆர்ஏஎக்ஸ் அல்லது ஆர்டிஎக்ஸ், ஏதாவது ஒன்று’ என்று பொருள். கம்பைலர் பெரும்பாலும் ஆர்ஏஎக்ஸை எடுக்கும். அதில் கீழ் 32 பிட் மட்டுமே இருக்கும். இதைவிட மோசம், ஆர்டிஎக்ஸ் ரெஜிஸ்டரையும் அந்தக் கட்டளை அழித்து எழுதுவது கம்பைலருக்குத் தெரியாமல் போவது. அங்கே வேறு ஏதாவது மாறி இருந்தால் அது சத்தமில்லாமல் கெடும்.

சின்ன எழுத்து ‘ஏ’க்கு ஒரு மாறி, ‘டி’க்கு ஒரு மாறி என்று தனித்தனியாக வாங்குங்கள். இரண்டாவதை 64-பிட் வகைக்கு மாற்றி, 32 இடம் இடப்பக்கம் தள்ளி, முதலாவதோடு ‘ஆர்’ (பிட்டுக்குப் பிட் சேர்க்கும் செயல்) செய்யுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டும் தரும் உள்ளமைந்த ‘__ஆர்டிடிஎஸ்சி()’யைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை.

கேள்வி: நாற்பது கட்டளை உள்ள ஒரு சின்ன ஃபங்ஷனின் முன்னும் பின்னும் ஆர்டிடிஎஸ்சி வைத்து அளந்தால் ஒருமுறை 28, ஒருமுறை 95, ஒருமுறை 4,000 வருகிறது. எதை நம்புவது? – பொறியியல் மாணவி, திருநெல்வேலி

மூன்றையும் நம்ப வேண்டாம். மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு.

28 வருவது, ப்ராசசர் கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டுவதால். ஆர்டிடிஎஸ்சி யாருக்காகவும் காத்திருக்காது. அளக்க வேண்டிய வேலை பாதியில் இருக்கும்போதே இரண்டாவது ஆர்டிடிஎஸ்சி முந்திக்கொண்டு ஓடியிருக்கும். ஓட்டக்காரர் எல்லைக்கோட்டைத் தொடும் முன்பே ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிய கதைதான். அதனால் இரு பக்கமும் வேலி வேண்டும்.

தொடக்கத்தில் எல்ஃபென்ஸ், ஆர்டிடிஎஸ்சி, மறுபடி எல்ஃபென்ஸ். முதல் எல்ஃபென்ஸ் முந்தைய வேலைகள் முடியக் காத்திருக்கும். இரண்டாவது, அளக்கப்படும் வேலை முன்கூட்டியே கிளம்பாமல் தடுக்கும். முடிவில் ஆர்டிடிஎஸ்சிபி, பிறகு எல்ஃபென்ஸ். ஆர்டிடிஎஸ்சிபி தனக்கு முந்தையவை முடியும்வரை காத்திருக்கும்; ஆனால் பிந்தையவை முன்னால் ஓடிவருவதைத் தடுக்காது, அதனால்தான் அந்தக் கடைசி எல்ஃபென்ஸ். மெமரியில் எழுதுவது முழுமையாக வெளியே போய்ச் சேரும் நேரமும் கணக்கில் வர வேண்டுமென்றால், முடிவுக் கட்டளைக்கு முன் எம்ஃபென்ஸ் ஒன்றும் தேவை.

பழைய கட்டுரைகள் எல்ஃபென்ஸுக்குப் பதில் சிபியுஐடி கட்டளையைச் சொல்லும். நேரடி வன்பொருளில் அது சரி. விர்ச்சுவல் மெஷினுக்குள் சிபியுஐடி ஒவ்வொரு முறையும் ஹைப்பர்வைசரிடம் போய்த் திரும்பும். ஆயிரத்துக்கும் மேல் சைக்கிள் அதற்கே போய்விடும்.

95 என்பதில் அளவுகோலின் சொந்தச் செலவும் சேர்ந்திருக்கிறது. ஆர்டிடிஎஸ்சி ஒன்றுக்கே இன்றைய சிப்புகளில் பொதுவாக 20 முதல் 40 சைக்கிள் ஆகும், வேலிகள் தனி. நடுவில் எதுவும் வைக்காமல் இதே வரிசையைச் சில ஆயிரம் முறை ஓட்டி, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணைக் குறித்துவைத்துக் கழியுங்கள்.

4,000 வந்தது, நடுவில் இன்டரப்ட் (ப்ராசசர் வேறு வேலையைக் கவனிக்க இடையில் விலகுவது) வந்ததால் இருக்கலாம். முதல் ஓட்டமாக இருந்தால் கேஷில் (ப்ராசசரை ஒட்டிய வேகமான மெமரி) எதுவும் இல்லாததாலோ பேஜ் ஃபால்ட்டாலோ (தேவையான மெமரிப் பக்கம் இன்னும் தயாராகாதது) இருக்கலாம். முதல் சில நூறு ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘டாஸ்க்செட் -சி 3’ என்று ஒரே கோரில் கட்டிவையுங்கள். சராசரி எடுக்காதீர்கள். வெளித்தொல்லை நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அதனால் நிரலின் உள்ளார்ந்த வேகம் தெரிய மினிமமும் மீடியனும் போதும். ஒன்று மட்டும்: உங்கள் நிரல் ஒரு கன்ட்ரோலிலோ ஆடியோவிலோ கெடுவுக்குள் முடிய வேண்டியதென்றால் மினிமம் உங்களுக்குப் பயன்படாது. அங்கே அந்த 4,000-தான் முக்கியமான எண்.

இன்னும் இரண்டு பொறிகள். முதலாவது கம்பைலர். ஃபங்ஷனின் விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் -ஓ2 (நிரலை வேகமாக்கச் சொல்லும் அமைப்பு) போட்டதும் அந்த வேலையையே தூக்கிவிடும். பளபளவென்று 0 சைக்கிள் வரும். பலர் ‘மெமரி’ என்று சொல்லும் காலி அசெம்பிளி வரியைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது மெமரியைத் தொடும் வேலையைத்தான் கட்டிப்போடும். ரெஜிஸ்டரிலேயே நடக்கும் கணக்கைக் கம்பைலர் தாராளமாக ஆர்டிடிஎஸ்சிக்கு அந்தப் பக்கம் நகர்த்தும். உள்ளீட்டையும் விடையையும் “+ஆர்” கட்டுப்பாட்டோடு அந்தக் காலி அசெம்பிளி வரி வழியாகவே செலுத்துங்கள். பிறகு ‘ஆப்ஜ்டம்ப்’ போட்டு, நடுவில் உங்கள் கட்டளைகள் உண்மையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். இதைச் செய்யாமல் சொல்லும் எந்த எண்ணையும் நாங்கள் மதிப்பதில்லை.

இரண்டாவது, லூப்பில் ஆயிரம் முறை ஓட்டி ஆயிரத்தால் வகுப்பது. சுற்றுகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் ப்ராசசர் அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டும். நீங்கள் அளப்பது ஒரு வேலையின் கால அளவை அல்ல, ஒரு விநாடியில் எத்தனை முடியும் என்பதை. இன்டெல் ஸ்கைலேக்கில் ஒரு மிதவைப்புள்ளிக் கூட்டலின் விடை வர 4 சைக்கிள்; ஆனால் ஒரு சைக்கிளுக்கு இரண்டு கூட்டல் தொடங்க முடியும். ஒரே கட்டளை, 4 என்றும் 0.5 என்றும் இரண்டு விடை. ஒரு சுற்றின் விடையை அடுத்த சுற்றின் உள்ளீடாகக் கோர்த்தால் முதலாவது கிடைக்கும், கோர்க்காவிட்டால் இரண்டாவது.

கேள்வி: என் லேப்டாப் 4.2 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதாகக் காட்டுகிறது. ஆனால் டிஎஸ்சி ஒரு விநாடிக்கு 240 கோடிதான் கூடுகிறது. கவுன்டர் கோளாறா?

கோளாறு இல்லை. இன்றைய டிஎஸ்சி, பெயருக்குத்தான் சைக்கிள் கவுன்டர். உண்மையில் அது மாறாத வேகத்தில் ஓடும் கடிகாரம். டர்போ ஏறினாலும் மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகம் இறங்கினாலும் அது அசையாது. ‘/ப்ராக்/சிபியுஇன்ஃபோ’வில் கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி, நான்ஸ்டாப்_டிஎஸ்சி என்ற இரண்டு கொடிகளும் இருந்தால் உங்கள் சிப் அந்த ரகம். இல்லாத பழைய காலம் கொடுமையானது: 2005-இல் வந்த ஏத்லான் 64 எக்ஸ்2-வில் இரண்டு கோர்களின் டிஎஸ்சியும் விலகிப்போய், விளையாட்டுகள் தாறுமாறாக ஓடின, ஏஎம்டி தனியாக ஒரு திருத்த மென்பொருளே வெளியிட்டது.

ஆகவே உங்கள் கணினியில் 240 டிக் என்றால் 100 நானோ விநாடி. அந்த நேரம் முழுவதும் கோர் 4.2-இல் ஓடியிருந்தால் உண்மையில் 420 சைக்கிள் கழிந்திருக்கும். கட்டளைக்கு எத்தனை சைக்கிள் என்று தெரிய வேண்டுமானால் ‘பெர்ஃப் ஸ்டாட்’டையோ, பெர்ஃப்_ஈவென்ட்_ஓபன் வழியாகத் திறந்த கவுன்டரை ஆர்டிபிஎம்சி கட்டளையால் படிப்பதையோ நாடுங்கள். டிஎஸ்சியையே வைத்துக்கொள்வதென்றால், ‘இன்டெல்_பிஸ்டேட்’ அடைவில் உள்ள நோ_டர்போ கோப்பில் 1 எழுதி, ப்ராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று வைத்து அளந்தால், கனமான சூடு ஏறாதவரை இரண்டும் ஒட்டிவரும்.

கேள்வி: டிக்கை நானோ விநாடியாக்க ‘டிக் × 100 கோடி ÷ அதிர்வெண்’ என்று போட்டேன். எல்லாம் 64-பிட். குறுகிய சோதனைகளில் சரி, ஆறு விநாடி தாண்டினால் உளறுகிறது.

பெருக்கல்தான் வழிகிறது. குறியில்லா 64-பிட் எண்ணில் அதிகபட்சம் சுமார் 1.84 × 10¹⁹. அதை 100 கோடியால் வகுத்தால் 1,844 கோடி டிக். 3 கிகாஹெர்ட்ஸில் 6.15 விநாடி. நடுக்கணக்கை 128-பிட் வகையில் போடுங்கள். வகுத்தல் கனமாகத் தெரிந்தால், லினக்ஸ் கர்னல் செய்வதுபோல முன்கூட்டியே ஒரு பெருக்கல் எண்ணும் ஒரு ஷிஃப்ட்டும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். இன்னும் சுலபம்: அளக்கும்போது டிக்கை மட்டும் சேமித்து, மாற்றுவதையெல்லாம் கடைசியில், அச்சிடும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரம் கேட்க லினக்ஸ் தரும் கிளாக்_கெட்டைம் போதாதா? அதில் எந்தக் கடிகாரம்? எங்கள் கிளவுட் சர்வரில் மட்டும் அது மிக மெதுவாக இருக்கிறதே? – சென்னை வாசகர்

மைக்ரோ விநாடி அளவு வேலைகளுக்குப் போதும். ஆர்டிடிஎஸ்சி பக்கமே போக வேண்டாம். மோனோடோனிக் கடிகாரத்தைக் கேளுங்கள். ரியல்டைம் கடிகாரம், என்டிபியோ (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) நிர்வாகியோ நேரத்தைத் திருத்தினால் பின்னோக்கியும் தாவும். கால இடைவெளிக்கு அதைத் தொடாதீர்கள். மோனோடோனிக் தாவாது, ஆனால் என்டிபி அதன் ஓட்டத்தை மெல்ல இழுத்துப் பிடிக்கும், அதிகபட்சம் பத்து லட்சத்துக்கு 500. ஒரு விநாடிக்கு அரை மில்லி விநாடி. அதுவும் கூடாதென்றால் மோனோடோனிக்_ரா. கணினி தூங்கிய நேரமும் சேர வேண்டுமானால் பூட்டைம். ‘கோர்ஸ்’ என்று முடிபவை கர்னல் டிக் அளவுக்கே நகரும், ஒன்று முதல் நான்கு மில்லி விநாடி வரை படியாக, இங்கே பயனில்லை.

மெதுவாக இருப்பதற்கு: ‘/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/கிளாக்சோர்ஸ்/கிளாக்சோர்ஸ்0/கரன்ட்_கிளாக்சோர்ஸ்’ கோப்பைப் படியுங்கள். ‘டிஎஸ்சி’ என்றிருந்தால் அழைப்பு கர்னலுக்குள் போகாமல் விடிஎஸ்ஓ (கர்னல் பயனர் நிரலுக்குள்ளேயே வைத்துத் தரும் சிறு நிரல் துண்டு) வழியாகவே முடியும். இருபது சொச்சம் நானோ விநாடி. ‘ஹெச்பெட்’ அல்லது ‘ஏசிபிஐ_பிஎம்’ என்றிருந்தால் ஒவ்வொரு முறையும் கர்னலுக்குள் போய் ஒரு சாதன ரெஜிஸ்டரைப் படித்து வர வேண்டும். மைக்ரோ விநாடிக் கணக்கில் ஆகலாம். கர்னல் அழைப்புகளைக் காட்டும் ‘ஸ்ட்ரேஸ்’ கருவியைப் போட்டுப் பாருங்கள்: நல்ல நிலையில் கிளாக்_கெட்டைம் அழைப்பே அதில் தெரியக் கூடாது. வரிவரியாகத் தெரிந்தால் விடிஎஸ்ஓ வேலை செய்யவில்லை. டிஎஸ்சி நிலையற்றது என்று கர்னல் ஒதுக்கியிருக்கிறதா என்பது ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் இருக்கும்.

கேள்வி: ஆர்டுயினோ ஊனோவில் 20 முதல் 30 மைக்ரோ விநாடி அகலமுள்ள பல்ஸை அளக்கிறேன். மைக்ரோஸ்() எப்போதும் 20, 24, 28 என்றே தருகிறது. 25 வரவே வராதா? – பாலிடெக்னிக் ஆசிரியர், மதுரை

வராது. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்து டைமர்-0 ஓடுகிறது. ஒரு படி 4 மைக்ரோ விநாடி. போதாததற்கு, பின் மாறியதை நிரல் கவனிக்கும் தாமதமும், இடையில் வரும் இன்டரப்டும் சேரும்.

டைமர்-1-இன் இன்புட் கேப்ச்சரைப் பயன்படுத்துங்கள். பல்ஸை டிஜிட்டல் 8-ஆம் பின்னில் கொடுங்கள். வேறு பின்னில் இது நடக்காது. விளிம்பு வந்த கணத்தில் வன்பொருளே டைமர் எண்ணை ஐசிஆர்1 ரெஜிஸ்டரில் பதிந்துவிடும். நிரல் நிதானமாக வந்து படிக்கலாம். டிசிசிஆர்1ஏ-வை 0 ஆக்குங்கள் (ஆர்டுயினோ அதை பிடபிள்யூஎம்முக்காக மாற்றி வைத்திருக்கும், மறந்தால் கவுன்டர் 255-க்கு மேல் ஏறாது). டிசிசிஆர்1பி-இல் ஐசிஇஎஸ்1, சிஎஸ்10 பிட்களை வையுங்கள்: ஏறு விளிம்பு, வகுத்தல் இல்லை. இனி ஒரு டிக் 62.5 நானோ விநாடி. 25 மைக்ரோ விநாடிக்கு 400 டிக். வயரில் இரைச்சல் இருந்தால் ஐசிஎன்சி1 பிட்டும் போடலாம். நான்கு டிக் தாமதமாகும், இரு விளிம்பிலும் ஒரே அளவு என்பதால் கழிக்கும்போது போய்விடும். ஏறு விளிம்பைப் படித்ததும் ஐசிஇஎஸ்1-ஐ மாற்றி இறங்கு விளிம்புக்குத் தயாராக்குங்கள். மாற்றியவுடன் ஐசிஎஃப்1 கொடியை, அதில் 1 எழுதி, அழிக்க வேண்டும். விட்டால் பொய்யான கேப்ச்சர் ஒன்று வந்து நிற்கும்.

16-பிட் கவுன்டர் 4.096 மில்லி விநாடியில் சுற்றும். நீளமான பல்ஸுக்கு ஓவர்ஃப்ளோ இன்டரப்டில் சுற்றுகளை எண்ண வேண்டும். எண்ணுவதில் பலரும் விழும் குழி இது: சுற்றும் கணத்தை ஒட்டியே விளிம்பு வந்தால், இரண்டு இன்டரப்டும் ஒன்றாகக் காத்திருக்கும். ஏடிமெகா328பி-இல் கேப்ச்சருக்கே முன்னுரிமை. அது ஓடும்போது சுற்றுக் கணக்கு இன்னும் கூடியிருக்காது. எனவே கேப்ச்சர் ரொட்டீனுக்குள், டிஓவி1 கொடி ஏறியிருந்து, ஐசிஆர்1-இன் மதிப்பு 32,768-க்குக் குறைவாகவும் இருந்தால், சுற்றுக் கணக்கோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பு பெரிதாக இருந்தால் விளிம்பு சுற்றுக்கு முன்பே வந்தது என்று பொருள், சேர்க்கக் கூடாது. இந்த ஒரு ‘இஃப்’ இல்லாத நிரல் மேசையில் நாள் முழுக்கச் சரியாக ஓடி, எப்போதாவது 4 மில்லி விநாடி பிசகும்.

டைமர்-1-ஐ நீங்கள் எடுத்துக்கொண்டால் 9, 10 பின்களின் அனலாக்ரைட்டும் செர்வோ லைப்ரரியும் போய்விடும்.

படி சிறிதானால் மட்டும் அளவு சரியாகிவிடாது என்பதையும் பாருங்கள். ஊனோ ஆர்3-இன் முதன்மைச் சிப்புக்கு இருப்பது கிரிஸ்டல் அல்ல, செராமிக் ரெசனேட்டர். போர்டில் கண்ணுக்குத் தெரியும் கிரிஸ்டல் யுஎஸ்பி சிப்புக்கானது. ரெசனேட்டர் 0.5% வரை தவறலாம். 400 டிக்கில் அது 2 டிக், பொறுக்கலாம். ஒரு விநாடி அளந்தால் 5 மில்லி விநாடி, பொறுக்க முடியாது. அப்போது டிஎஸ்3231 ஆர்டிசி (நிகழ்நேரக் கடிகார) மாட்யூலின் எஸ்க்யூடபிள்யூ பின்னை 8-ஆம் பின்னில் இணைத்து ஒப்பிடுங்கள். 0 முதல் 40 டிகிரிவரை அது பத்து லட்சத்துக்கு 2-க்குள் நிற்கும். மின்சாரம் கொடுத்ததும் அந்தப் பின் தானாகத் துடிக்காது. கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் 0 எழுதினால் விநாடிக்கு ஒரு துடிப்பு வரும். ஓப்பன் டிரெயின் என்பதால் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். இரண்டு துடிப்புக்கு இடையே 1,60,00,000-க்குப் பதிலாக எத்தனை டிக் வருகிறதோ அதுதான் உங்கள் போர்டின் உண்மையான அதிர்வெண். வெப்பம் மாறினால் அதுவும் மாறும், அளக்கும் இடத்திலேயே எடுங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலரில் டிடபிள்யூடி (சிப்பின் டீபக் பகுதி) சைக்கிள் கவுன்டரைப் படிக்கிறேன். எஸ்டி-லிங்க் டீபக்கர் மாட்டியிருக்கும்போது எண்ணுகிறது. கழற்றிவிட்டு ரீசெட் செய்தால் எப்போதும் 0.

டீபக்கர் உங்களுக்காக ஒரு பிட்டை வைத்துக்கொண்டிருந்தது. டிஇஎம்சிஆர் ரெஜிஸ்டரின் 24-ஆவது பிட், டிஆர்சிஎனா. அதை உங்கள் நிரலே முதலில் வைக்க வேண்டும். பிறகு சைக்கிள் கவுன்டரை 0 ஆக்கி, டிடபிள்யூடி கன்ட்ரோலின் 0-ஆவது பிட்டை வையுங்கள். கார்டெக்ஸ்-எம்7 சிப்புகளில் பூட்டு ரெஜிஸ்டரையும் திறக்க வேண்டியிருக்கும். 32-பிட் கவுன்டர், 72 மெகாஹெர்ட்ஸில் 59.65 விநாடியில் சுற்றும்.

கார்டெக்ஸ்-எம்0, எம்0+ சிப்புகளில் இந்தக் கவுன்டரே கிடையாது. சிஸ்டிக் டைமர்தான் வழி: 24-பிட், மேலிருந்து கீழே எண்ணும், ஆகவே தொடக்கத்திலிருந்து முடிவைக் கழியுங்கள். அதை ஆர்டிஓஎஸ் (ரியல்டைம் இயங்குதளம்) 48,000-க்கு ஒருமுறை திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தால் 24-பிட் மாஸ்க் தவறான விடை தரும். கழித்தது எதிர்மறையானால் 48,000-ஐக் கூட்டுங்கள். ஒரு ஏற்றத்துக்கு மேல் நீளும் வேலைக்கு இது உதவாது.

கேள்வி: ராஸ்பெரி பை 4-இல் பிஎம்சிசிஎன்டிஆர் என்ற சைக்கிள் கவுன்டரைப் படித்தால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நிரல் விழுகிறது.

பயனர் நிரல்களுக்கு அந்தக் கவுன்டரைக் கர்னல் மூடி வைத்திருக்கிறது. சைக்கிளே வேண்டுமென்றால் பெர்ஃப்_ஈவென்ட்_ஓபன். நேரம் போதுமென்றால் சிஎன்டிவிசிடி_இஎல்0 என்ற நேரக் கவுன்டரைப் படியுங்கள், அது திறந்தே இருக்கிறது. முன்னால் ஐஎஸ்பி என்ற வேலிக் கட்டளை ஒன்றைப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கட்டளை முந்தி ஓடும். பை 4-இல் அது 54 மெகாஹெர்ட்ஸ், ஒரு டிக் 18.5 நானோ விநாடி. பை 3-இல் 19.2 மெகாஹெர்ட்ஸ். எண்ணை நிரலில் எழுதி வைக்காமல் சிஎன்டிஎஃப்ஆர்க்யூ_இஎல்0-இலிருந்து எடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் கெட்டிக்கவுன்ட் ஏன் 15, 16 என்றே தாவுகிறது?

அது விநாடிக்கு 64 முறை வரும் சிஸ்டம் டிக்கை ஒட்டி நகர்வது, 15.625 மில்லி விநாடிப் படி. க்வெரிபெர்ஃபார்மன்ஸ்கவுன்டரை எடுங்கள். இன்றைய கணினிகளில் அதன் அதிர்வெண் பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸ் என்று வரும், அதாவது 100 நானோ விநாடிப் படி. ஆனாலும் அதிர்வெண்ணைக் கேட்டு வாங்கியே வகுங்கள்.

கேள்வி: ஆர்டுயினோவின் மில்லிஸ்() 49 நாளில் சுற்றும்போது என் நீர்ப்பாசன டைமர் நிற்குமா?

எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘இப்போது − தொடக்கம் >= இடைவெளி’ என்று குறியில்லா 32-பிட்டில் எழுதியிருந்தால் சுற்றினாலும் விடை சரியாகவே வரும். ‘இப்போது >= தொடக்கம் + இடைவெளி’ என்றிருந்தால் சுற்றும் நாளில் மோட்டார் தவறான நேரத்தில் ஓடும். மாறிகள் அன்சைன்ட் லாங் வகைதானா என்றும் பாருங்கள். ஊனோவில் ‘இன்ட்’ வெறும் 16 பிட், 32 விநாடி கடந்ததும் எதிர்மறைக்குப் போய்விடும். சோதிக்க 49 நாள் காத்திருக்க வேண்டாம்: இரண்டு இடத்திலும் மில்லிஸ்()-உடன் 429,49,00,000-ஐக் கூட்டி ஓட்டினால், பவர் கொடுத்த 67 விநாடியில் சுற்றிவிடும்.